காணாமற்போன ஐந்து வணக்கங்கள்

அத்தியாயம் 4

“ஓர் ஆளை ஒரு வீட்டுக்குள் அடைத்து வைக்க என்ன வேண்டும்?”

துப்பறியும் உரிமம் எடுக்கப் படித்த வகுப்பில், ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஒருவர் வேரோனிக்காவிடம் ஒருமுறை இப்படிக் கேட்டார். “ஒரு பூட்டு,” என்றாள் அவள். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “அது சோம்பேறியின் வழி,” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். மற்ற வழிகள் என்னவென்று எழுந்து கேட்க அவளுக்குக் கூச்சம். ஆறு வருடமாக அந்தப் பதில் அவளுக்குக் கிடைக்கவில்லை.

1997 பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, அந்தப் பதில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அவளுடைய மாடிப்படி ஏறி வந்தது.

ஸ்காபரோவில் ஒரு சேலைக்கடையின் மேலே அவளுடைய கந்தோர். ஒரு மேசை, மூன்று கதிரைகள். மூன்றாவது கதிரை கஸ்பருக்கு. பாசையூர்க்காரர், ஐம்பத்திரண்டு வயது, ரக்சி ஓட்டுகிறவர். வேரோனிக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கஸ்பருக்கு வாயை மூடத் தெரியாது. இந்த இரண்டு குறைகளும் சேர்ந்துதான் அந்த நிறுவனம் ஓடிக்கொண்டிருந்தது.

“அனைவருக்கும் என் அன்பான வணக்கங்கள்,” என்றார் வந்தவர்.

அறையில் இருந்தது இரண்டு பேர். கஸ்பர் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

ஜெயரட்ணத்தை ரொறன்ரோவில் தெரியாத தமிழர் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேபிள் ரீவியில் ஒரு மணித்தியாலம் வரும் ‘சனிச்சாரல்’ நிகழ்ச்சியை நடத்துகிறவர். அதற்கு முந்தி வீடியோக் கடை வைத்திருந்தவர். கோட்டைக் கழற்றியதும் இடதுபக்கச் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னச் சீப்பை எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் பார்த்துத் தலையை வாரிக்கொண்டார்.

“சுணங்கிப்போச்சு, குறை நினைக்காதையுங்கோ. விட்பியில இருந்து வாறன். புது வீடு. போய் ஐஞ்சு கிழமைதான். றோட்டெல்லாம் சினோ கொட்டிக் கிடக்கு.”

“வீடு வாங்கினது விட்பியில, வேலை முழுக்க இஞ்சை. என்ர ரக்சிக்கு உங்களை மாதிரி ஆக்கள்தான் வேணும் அண்ணை,” என்றார் கஸ்பர்.

ஜெயரட்ணம் சிரிக்கவில்லை. ‘வடகாற்று’ வாரப் பத்திரிகையின் ஐந்து இதழ்களை மேசையில் அடித்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரே பக்கம் மடித்திருந்தது. ‘சோபாவில் இருந்து’ என்ற ரீவி விமர்சனப் பகுதி. எழுதுகிறவர் பெயர் கிடையாது. யாரோ ஒரு பெண் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும்.

வேரோனிக்கா அந்தப் பத்திரிகையில் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். அதை அவள் சொல்லவில்லை.

“மூண்டு வருசமா எழுதுறா. என்ர சட்டை சரியில்லை எண்டா, பொறுத்தன். என்ர பகிடிக்கு நான் மட்டும்தான் சிரிக்கிறன் எண்டா, அதையும் பொறுத்தன். இப்ப இதை வாசியுங்கோ.”

கஸ்பர் வாசித்தார். “‘தொகுப்பாளர் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டார். படலையைத் தட்டாமல் நேரே அடுப்படிக்குள் வந்து நிற்கும் விருந்தாளி மாதிரி, பாதி வசனத்தோடு வந்து குதிக்கிறார்.’ நல்லாத்தானே எழுதியிருக்கிறா.”

“பொய்,” என்றார் ஜெயரட்ணம். ரீவிக் குரல் எங்கோ போய்விட்டது. “துவக்கத்தில ஒருக்கா, நாலு விளம்பரத்துக்குப் பிறகும் நாலுதரம். ஐஞ்சு வணக்கம். சனம் முழுக்கப் பாத்தது. அவ ஐஞ்சு கிழமையா இல்லையெண்டு எழுதுறா. எனக்கு ஆளின்ர பேர் வேணும், படம் வேணும். சனிக்கிழமை நிகழ்ச்சியில கமராவுக்கு முன்னால தூக்கிப் பிடிச்சு, இவதான் அந்தப் பொய்க்காரி எண்டு காட்டப்போறன்.”

“வீட்டில அக்கா என்ன சொல்லுறா?” என்று கேட்டாள் வேரோனிக்கா.

“அருளோ? அவ ஒண்டும் சொல்லமாட்டா. உந்தப் பேப்பரை நான் விட்பிப் பக்கமே கொண்டுபோறேல்லை. மனுசி பாத்தால் மரியாதை என்னத்துக்கு ஆகும்?”

எழுந்து மறுபடி தலையை வாரினார். “அப்ப போட்டு வாறன்,” என்று விடைபெற்றார். படியில் இறங்கியபிறகும் இன்னொருதரம் கீழே இருந்து சொன்னார். அவர் குரல் அடங்கும்வரை வேரோனிக்கா அந்த ஐந்து பக்கங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஒவ்வொரு வாரமும் காத்திருந்து படிக்கிற ஒருத்தியைப் பிடித்துக் கொடுக்கத் தன்னையே கேட்டுவிட்டாரே.

“என்ன தங்கச்சி, முகம் கறுத்துப் போச்சு?”

“முதல்ல பேப்பர்க் கந்தோருக்குப் போவம்.”

‘வடகாற்று’ ஒரு பல்வைத்தியரின் கிளினிக்குக்குக் கீழே, நிலத்தடி அறையில் இயங்கியது. மேலே பல் கிண்டும் சத்தம், கீழே ஆசிரியர் சண்முகலிங்கம். கேட்டதும் அவர் தாள்கள் நிறைந்த ஒரு கோப்பை எடுத்துப் போட்டார்.

“ஆளைத் தெரியாது பிள்ளை. தபாலில வரும். அனுப்பினவர் விலாசம் இல்லை. ஆனால் ஒண்டு சொல்லுவன். இந்தக் கை பேப்பர்க் கந்தோரில வேலை செய்த கை.”

“எப்பிடி?”

“தாளைப் பாரும். ஒரு பக்கம்தான் எழுதுவா. ஒரு தாளில ஒரு பந்தி. பந்தி பாதியில நிக்கேக்கை தாள் மாறாது. ஊரில ஈய எழுத்துக் கோத்து அச்சடிச்ச காலத்துப் பழக்கம் அது. கிடைச்ச தாளைக் கிடைச்ச ஆளுக்குப் பிரிச்சுக் குடுத்து அவசரமாக் கோக்க வைப்பம். இந்த மனுசி அதுக்குள்ளை வருசக்கணக்கா நிண்டிருக்கிறா.”

வேரோனிக்கா பழைய தாள்களைப் புரட்டினாள். முந்தின வருடங்களில் அந்தப் பெண் எதையும் விட்டுவைக்கவில்லை. ஹொக்கி ஆட்டம், காலநிலை அறிக்கை, ஆங்கிலத் தொடர்கள் எல்லாம் எழுதினாள். எல்லாவற்றுக்கும் மேலே விளம்பரங்கள். மரக்கறிக் கடை விளம்பரத்தில் கத்தரிக்காயைக் கன்னத்தோடு வைத்துச் சிரித்த பெண்ணைப் பற்றி ஒருமுறை இரண்டு பந்தி எழுதியிருந்தாள். கடைசி ஐந்து வாரங்களில் சனிச்சாரலைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒரு கத்தரிக்காய் கூட இல்லை.

“இந்தக் கிழமையோட நிப்பாட்டுறன்,” என்றார் சண்முகலிங்கம். “நாப்பது கடிதம் வந்திட்டுது. மனுசிக்குக் காது கேக்காதோ, கண் தெரியாதோ எண்டு கேக்கினம். கண்ணும் காதும் போன ஆளிட்ட விமர்சனம் வாங்கேலாது. இந்தக் கிழமை வந்தது இன்னும் மோசம். ஒரு தாளை அப்பிடியே உருவி எடுத்திட்டன். இது ரீவியில வரவே இல்லை.”

அவர் நீட்டிய தாளை வேரோனிக்கா படித்தாள்.

‘எல்லாம் முடிந்தபின் தொகுப்பாளர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாருகிறார். “என்ர இடப்பக்கத்தால எடு, அதுதான் வடிவா வரும்” என்கிறார். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர் மனமார நம்பிச் சொன்ன வசனம் அது ஒன்றுதான்.’

கஸ்பர் எட்டிப் பார்த்து வாயைத் திறந்தார். வேரோனிக்கா அவர் காலை மிதித்தாள்.

“போட்டு வாறம் அண்ணை,” என்றாள்.

ரக்சிக்குள் ஏறிச் சூடு வரும்வரை இருவரும் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சீப்பு,” என்றார் கஸ்பர்.

“சீப்பு கிடக்கட்டும். சனிக்கிழமையில உங்கட வீட்டு அக்காவுக்கு வேலையெல்லோ? நீங்கள்தானே அவவுக்கு சனிச்சாரலை வீடியோ ரேப்பில பதிஞ்சு வைக்கிறனீங்கள்?”

“ஓம். இல்லாட்டி எனக்குச் சாப்பாடு இல்லை.”

“விளம்பரம் வரேக்கை என்ன செய்வியள்?”

“இதென்ன கேள்வி? நிப்பாட்டுவன். விளம்பரத்தை ஆர் பதிவினம்? எங்கட சனத்தில எல்லாரும் ரிமோட்டைக் கையில பிடிச்சுக்கொண்டுதான் இருப்பினம்.”

“பேந்து?”

“விளம்பரம் முடிஞ்சு உவற்ற முகம் வந்த உடன திரும்பப் பொத்தானை அமத்துவன். அந்தச் சனியன் ஓடத் துவங்க ஒண்டு ரெண்டு செக்கன் எடுக்கும்.”

“முகம் வந்த முதல் ரெண்டு செக்கனில அவர் என்ன சொல்லுவார்?”

கஸ்பர் வாயை மூடினார். அவர்களுடைய ஐந்து வருடத் தொழிலில் அது அபூர்வம்.

“துவக்கத்திலையும் அனுசரணையாளர் விளம்பரம் போகும். அதோட சேத்து ஐஞ்சு தரம்,” என்றாள் வேரோனிக்கா. “அவ பொய் சொல்லேல்லை, கஸ்பர் அண்ணை. அவவுக்கு ஆரோ ரேப்பில கொண்டுவந்து காட்டுகினம். விளம்பரமும் இல்லை, வணக்கமும் இல்லை. வேற சனலும் இல்லை. ஐஞ்சு கிழமையா அவ இருக்கிற வீட்டில கேபிள் இல்லை. அந்த ரேப்பும் புதுசில்லை. ஸ்ரூடியோவில ஒத்திகை எடுத்த பழைய ரேப்புக்கு மேல பதிஞ்சது. அதுதான் கடைசியில சீப்பு வருது.”

“ஸ்ரூடியோ ரேப்பை வீட்டுக்குக் கொண்டுபோற ஆள் ஆர்?” என்று தொடங்கிய கஸ்பர் நிறுத்தினார். பிறகு மெல்லச் சொன்னார். “ஐஞ்சு கிழமை. விட்பி. கடவுளே, மனுசன் தன்ர வீட்டு விலாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லியெல்லோ எங்களிட்ட வந்திருக்கிறார்.”

“அதுதான் கரைச்சல். நாங்கள் சொன்னால் சனிக்கிழமையோட அவவின்ர எழுத்து முடிஞ்சுது. சொல்லாட்டி இந்தக் கிழமையோட சண்முகலிங்கம் அண்ணை முடிப்பார்.”

வெள்ளிக்கிழமை காலை, ஜெயரட்ணம் ஸ்ரூடியோவில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் புறப்பட்டார்கள். நெடுஞ்சாலையில் கிழக்கே போகப் போகக் கட்டடங்கள் குறைந்து வெறும் வெள்ளையானது. விட்பியில் அந்தத் தெரு பிறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. மரங்களை இன்னும் கம்பில் கட்டி வைத்திருந்தார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே முகம். கஸ்பர் இரண்டுதரம் பிழையான வீட்டின் முன்னால் நிறுத்தினார்.

“இஞ்சை குடிச்சிட்டு வாற மனுசன் ஒவ்வொரு நாளும் வேற மனுசியிட்டப் பேச்சு வாங்குவான்,” என்றார்.

வேரோனிக்கா சிரிக்கவில்லை. கடைசி பஸ் தரிப்பிடத்தைத் தாண்டி எத்தனை நிமிடம் ஓடினோம் என்று எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். பன்னிரண்டு. கடையொன்றும் இல்லை, நடைபாதையும் இல்லை. அந்த வீட்டு வாசலிலிருந்து ஒரே ஒரு காலடித் தடம் பனியில் புறப்பட்டு, தெருமுனைத் தபால்பெட்டிவரை போய் அப்படியே திரும்பி வந்திருந்தது.

கதவு பூட்டியிருக்கவில்லை. தட்டியதும் திறந்துகொண்டது.

அருள்நாயகிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்தவர். வலது நடுவிரலில் மை. வேரோனிக்கா தான் யாரென்று சொல்லி முடிக்குமுன் அவருடைய கண் அவள் கையிலிருந்த பத்திரிகைகளில் போய் நின்றுவிட்டது.

“அது தாறீங்களோ?” என்றார். “அச்சில வந்ததோ எண்டே எனக்குத் தெரியாது.”

சோபாவில் இருந்து ஐந்தையும் வாசித்தார். தன் எழுத்தை வாசிக்கிற ஆள் மாதிரி இல்லை. பிழை திருத்துகிற ஆள் மாதிரி, வரிக்குக் கீழே நகம் வைத்து. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் பதினொரு வருடம், என்றார் தலை நிமிராமல். முதலில் அச்சுப்பிழை பார்த்தார். பிறகு வானொலி நாடகங்களை விமர்சித்தார். அறையில் பத்து ஆண்கள், ஒரு பெண். “கலியாணம் முடிச்சு இஞ்சை வந்தாப் பிறகு இவர் சொல்லிட்டார், ஒரு வீட்டில ஒரு ஆள் கதைச்சால் காணும் எண்டு. பகிடியாத்தான் சொன்னவர். ஸ்காபரோவில இருக்கேக்கை கடிதம் போட எண்டு கீழ இறங்குவன், லைபிரரிக்குப் போவன், ரெண்டு சனத்தைக் காணுவன். இஞ்சை...” கையால் ஜன்னலைக் காட்டினார். “போன் இருக்கு. ஆனால் ஸ்காபரோவுக்கு எடுத்தால் லோங் டிஸ்ரன்ஸ். பில்லில நம்பர் விழும். இது ஆர், இது ஆர் எண்டு கேப்பார். கோவமாயில்லை, சும்மாதான் கேப்பார்.”

ஆறு வருடத்துக்கு முந்திய கேள்வி வேரோனிக்காவின் மனதுக்குள் எழுந்தது. ஒரு நல்ல வீடு. நீளமான தெரு. சும்மா கேட்கிற ஒரு மனுசன்.

“அக்கா, அவர் வணக்கம் சொல்லுறவர்,” என்றாள் மெதுவாக. “ஐஞ்சு தரமும். ரேப்பில பதியேக்கை வெட்டுப்படுது.”

அருள்நாயகியின் நகம் வரியில் நின்றது. முதலில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் முகம் வெளிறிவிட்டது.

“அப்ப நான் பிழையா எழுதியிருக்கிறன். ஐஞ்சு கிழமை.”

“உங்கட பிழையில்லை...”

“என்ர பேனைதானே. திருத்தம் போடவேணும்.”

“போட்டால் ஏன் பிழைச்சதெண்டு சொல்லவேணும். சொன்னால் நீங்கள் ஆரெண்டு அவருக்குத் தெரியும். போடாட்டி ஆசிரியர் பகுதியை நிப்பாட்டுவார்.”

“தெரியுது,” என்றார் அருள்நாயகி. எழுந்து மேலே போனார். மேசை இழுபடும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் வாசலில் கார்ச் சத்தம். கஸ்பர் ஜன்னலால் பார்த்தார். “தங்கச்சி, விருந்தாளி வாறார். படலையும் தட்டமாட்டார்.”

வெள்ளிக்கிழமைகளில் படம்பிடித்து மறுநாள் போடும் நிகழ்ச்சிக்கு எடுத்துவைத்த கழுத்துப்பட்டியை மறந்துவிட்டு ஸ்ரூடியோவுக்குப் போன ஜெயரட்ணம், அதை எடுக்கத் திரும்பி வந்திருந்தார். இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வணக்கம், வணக்கம். அதுக்கிடையில கண்டுபிடிச்சிட்டீங்களோ? பேர் என்ன?”

பேரைச் சொல்ல வேரோனிக்காவுக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்த வீட்டுக்குள் இவர் பார்க்காத ஒன்று இருந்தது.

“அண்ணை, போன சனிக்கிழமை ரேப்பை ஒருக்காப் போடுங்கோ,” என்றாள்.

“எனக்கு என்னைப் பாக்க நேரமில்லை பிள்ளை. நான் இதைப் பதிஞ்சு குடுக்கிறதோட சரி.” ஆனாலும் போட்டார்.

திரையில் ஜெயரட்ணம் குதித்தார். ‘...களே, இன்று நாம் சந்திக்கப்போவது’ என்று தொடங்கினார். சோபாவில் இருந்த ஜெயரட்ணம் புருவத்தைச் சுருக்கினார். வேரோனிக்கா ரேப்பை ஓடவிட்டாள். விளம்பரம் வரவேண்டிய இடத்தில் படம் ஒரு துடி துடித்தது. ‘...வதாக வருகிறார்’ என்றது திரை. மூன்றாவது துடிப்பு. நான்காவது.

“எங்கை என்ர வணக்கம்? உதை ஆர் வெட்டினது?”

“பதிஞ்சது ஆர் அண்ணை?”

“நான்தான். கேபிள் இந்தத் தெருவுக்கு இன்னும் வரேல்லை எண்டு நானே கந்தோரில இருந்து...” குரல் நின்றது.

“குற்றவாளி பிடிபட்டாச்சு,” என்றார் கஸ்பர். “வலது கைப் பெருவிரல். வீடியோக் கடையில பழகின விரல், விளம்பரத்தைக் கண்டால் தானா அமத்தும்.”

நிகழ்ச்சி முடிந்தது. படம் ஒருமுறை கலங்கி, பழைய ஒத்திகை வந்தது. திரையில் ஜெயரட்ணம் சீப்பை எடுத்தார். ‘என்ர இடப்பக்கத்தால எடு,’ என்றார்.

வேரோனிக்கா, சண்முகலிங்கம் உருவி எடுத்த தாளின் வாசகத்தை மனதிலிருந்து சொன்னாள். சீப்பு, இடப்பக்கம், மனமார நம்பிச் சொன்ன ஒரே வசனம். ஜெயரட்ணம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இதைப் பாத்துத்தான் எழுதியிருக்கிறா,” என்றார் கடைசியில். “ஆனால் இந்த ரேப் இந்த வீட்டை விட்டு வெளியில போறேல்லையே.”

அவருடைய கண் சோபாவுக்கு வந்தது. ரீவிக்கு முகமும் ஜன்னலுக்கு முதுகுமாகப் போட்ட சோபா. ஒரு மூலை மட்டும் அமிழ்ந்திருந்தது.

அருள்நாயகி படியால் இறங்கி வந்தார். கையில் ஒரு தாள். ஒரு பந்தி. அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கக் கொடுப்பது போல் கணவருக்கு முன்னால் நீட்டிப் பிடித்தார். வேரோனிக்காவும் அதைப் படித்தாள்.

‘தொகுப்பாளர் வணக்கம் சொல்வதில்லை என்று ஐந்து வாரங்களாக இந்தப் பகுதியில் எழுதினேன். அது தவறு. அவர் ஊருக்கெல்லாம் சொன்னார். நான் இருக்கும் வீட்டுக்கு அதைக் கொண்டுவரவில்லை. தவறுக்கு வருந்துகிறேன். - அருள்நாயகி ஜெயரட்ணம், விட்பி.’

ஜெயரட்ணம் இரண்டுதரம் படித்தார். கடைசி வரியை விரலால் மறைத்தார்.

“அருள், பேர் வேண்டாம். நான் வணக்கம் சொன்னனான் எண்டு எழுதியிருக்கிறாய், அது நல்லது, அது போடு. பேர் என்னத்துக்கு? ‘சோபாவில் இருந்து’ எண்டே இருக்கட்டும். ஆர் எண்டு ஊருக்குத் தெரியவேண்டாம்.” நேற்று அதே பேருக்காக மேசையில் அடித்தவர், வேரோனிக்காவைப் பார்த்தார். “நீங்களாவது சொல்லுங்கோ பிள்ளை.”

வேரோனிக்கா கஸ்பரைப் பார்த்தாள். கஸ்பர் ரக்சித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எஞ்சின் உறுமுவது கேட்டது.

அருள்நாயகி கோட்டை மாட்டி, தாளை மடித்து அதன் பையில் வைத்தார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். வாசலில் குந்தி இருந்து பனிச் சப்பாத்தின் கயிறுகளை இறுக்கினார்.

“கேபிள்காரனை நாளைக்கே கூட்டிவாறன்,” என்றார் ஜெயரட்ணம் அவருக்குப் பின்னால் நின்று. “விளம்பரத்தோட பதியிறன். கார் பழக வேணுமெண்டாலும் பழகு. இப்ப ஸ்காபரோவுக்குத்தானே போறாய்? குடுத்திட்டு நேர வந்திடுவாய்தானே?”

அருள்நாயகி எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தார். வீட்டை விட்டு வெளியே போகிற ஆள் அந்த இடத்தில் நின்று சொல்லும் இரண்டு சொல் இருக்கிறது: ‘போட்டு வாறன்.’ கடைக்குப் போனாலும் சொல்வார்கள். கடல் கடந்து போனாலும் சொல்வார்கள். அதற்காக ஜெயரட்ணம் பேச்சை நிறுத்தினார். கழுத்தை நீட்டிக் காது கொடுத்தார்.

கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது. பிறகு கதவு சாத்திக்கொண்டது.